தண்ணீர் கலங்காமல்

எங்கள் மலையில் மீன் கிடையாது. மீன் இருக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் இருக்க வேண்டும். எங்கள் ஊர் காராங்லோவில் கிணறு தோண்டினால் மணல் வரும், அதற்கும் கீழே தோண்டினால் சூடான மணல் வரும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்போம். அது தீர்ந்தால் லாரித் தண்ணீர். முதலில் மாடு குடிக்கும், பிறகு நாங்கள்.

அப்படிப்பட்ட ஊரில், "மீன் பிடிபடணும், தண்ணி கலங்கக் கூடாது" என்கிற பழமொழி மட்டும் எல்லார் வாயிலும் புழங்கியது. தரகன் ஒருவன் நல்ல கன்றை அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போனால் அவனைப் பார்த்து அப்படிச் சொல்வோம். தேர்தலில் ஒருவன் சத்தமில்லாமல் ஜெயித்தாலும் அதையேதான் சொல்வோம். காரியத்தைக் கமுக்கமாக முடிக்கிற சாமர்த்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் எரிமலை மெராபி பெரிதாகப் பொங்கிய வருஷம், சார்ஜிமான் வீட்டு விவகாரத்தில் லாரி ஓட்டப் போய்த்தான் அதன் பொருள் எனக்குத் தெரிந்தது.

நான் அப்போது காய்ந்த ஆற்றுப் படுகையிலிருந்து மணல் ஏற்றிக் கீழே கிளாட்டன் நகரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். சார்ஜிமான் வீடு என் வீட்டுக்கு நாலு வீடு மேலே. அதற்கு மேல் வீடே கிடையாது; மூங்கில் புதர், கிராம்பு மரங்கள், பிறகு மலை. அவருக்கு அறுபது வயதிருக்கும். அவரும் அவர் மனைவி கெமியும் மூன்று மாடுகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். ஒரே மகன் வலுயோ நகரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தான்.

மழைக்காலத் தொடக்கத்தில் மலை உறுமத் தொடங்கியது. இரண்டு வாரம் உறுமிவிட்டு ஒரு சாயங்காலம் தெற்குச் சரிவில் நெருப்பு மேகத்தை இறக்கியது. எங்கள் பக்கம் அது வரவில்லை. ஆனாலும் எல்லாரும் கீழே இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரே நாளில் அறுபது வீடும் காலி. கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு பிள்ளை என்று எல்லாரும் முகாமுக்குப் போனோம். சார்ஜிமான் மட்டும் வரவில்லை. அவர் வராததால் கெமியும் வரவில்லை. "அவர் இங்க இருக்கறப்ப அங்க போய் நான் யாருக்குச் சோறு வைக்கறது?" என்றாள்.

ஊர்த்தலைவர் முதலில் போனார். கையில் ஒலிபெருக்கியோடு வாசலில் நின்று, அடுத்த மலை வரைக்கும் கேட்கும்படி, "சார்ஜிமான், உன்னால ஊருக்கே கெட்ட பேரு" என்று கத்தினார். சார்ஜிமான் தொழுவத்துக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார். மறுநாள் சிப்பாய்கள் நாலு பேர் வந்து இரண்டு கையையும் பிடித்தார்கள். சட்டையை அவர்கள் கையில் விட்டுவிட்டு அவர் ஓடைப் பள்ளத்தில் குதித்து மூங்கில் புதருக்குள் உட்கார்ந்துகொண்டார். இருட்டும் வரை வெளியே வரவில்லை. மாடுகள் அன்றைக்குப் பட்டினி. அதற்கப்புறம் அரிவாளை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் வலுயோ போனான். இந்தச் சண்டையைத்தான் முகாமில் எல்லாரும் பேசினார்கள். மகன் கெஞ்சவில்லை. வந்ததும் வராததுமாகக் கத்தினான்.

"மாடு பெருசா, நான் பெருசா? இப்பச் சொல்லுங்க."

"மாடு எங்கிட்ட ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல," என்றார் சார்ஜிமான்.

வலுயோ வாசலில் இருந்த புல்லுக்கூடையை உதைத்துச் சரிவில் உருட்டிவிட்டான். சாவுக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கெமி சரிவில் இறங்கிக் கூடையைத் தேடி எடுத்து வந்தாள். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும்கூட அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் முர்தினி வந்தாள். கெமியின் தங்கை. கீழே ஊற்றுகள் பொங்குகிற செந்தாங்ரெஜோவில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மீன்குளம். அவர்களுக்கு நாலு குளம். வருஷம் முழுக்க ஜிலேபிக் கெண்டை வளர்த்துச் சந்தைக்கு உயிரோடு அனுப்புவார்கள். குள்ளமான பெண்பிள்ளை, பேச்சில் அவசரமே இருக்காது. முகாமில் என்னைத் தேடிப் பிடித்து, காலையில் தன்னை மேலே கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். மாட்டுக்குத் தீனி போடப் பகலில் இரண்டு மணி நேரம் விடுகிறார்கள், அதற்கு மேல் அங்கே நின்றால் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை என்றேன்.

"சரி. ஒண்ணே ஒண்ணு, பர்னோ. மேல போனதும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது," என்றாள்.

மறுநாள் காலை போனோம். வாழை இலையெல்லாம் சாம்பல் கனத்தில் ஒடிந்து தொங்கியது. பாதையில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. லாரியைக் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்தினேன். அந்த நாட்களில் சைக்கிளைக்கூட நாங்கள் அப்படித்தான் நிறுத்துவோம். மேகத்துக்குள் மலை தெரியவில்லை. எங்கோ ஓர் அரிசி ஆலை விடாமல் ஓடுகிற மாதிரி சத்தம் மட்டும் கேட்டது.

சார்ஜிமான் தொழுவத்து வாசலில் நின்றார். கண்ணிமை, மீசை எல்லாம் சாம்பல்.

"நீயும் பேச வந்தியா, முர்தினி?"

"பசிக்குது, காங். யூ சோறு வடிச்சிருக்காளா?" என்றாள் அவள். அக்கா புருஷனைக் காங் என்றும் அக்காளை யூ என்றும் கூப்பிடுவது அவள் வழக்கம்.

அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கொண்டுவந்த பொரித்த கெண்டை, கெமி அரைத்த மிளகாய்ச் சம்பல், வதக்கிய பப்பாளி இலை. கூரை இடுக்கிலிருந்து சாம்பல் உதிர்ந்ததால் ஒரு கையைத் தட்டுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட வேண்டியிருந்தது. சார்ஜிமான் இரண்டு மீனை முள் மிச்சமில்லாமல் தின்றார். முர்தினி மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் புருஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதையும், பக்கத்து வீட்டுக்காரி வாத்து வளர்த்துக் குளத்தைக் கெடுப்பதையும் சொன்னாள். பத்து நாளில் அன்றுதான் அந்த வீட்டில் யாரோ சாதாரணமாகப் பேசினார்கள் என்று கெமி பின்னால் சொன்னாள்.

சாப்பிட்டதும் சார்ஜிமான் புல்லறுக்கக் கிளம்பினார். முர்தினியும் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டாள். நான் கூடையோடு பின்னால் போனேன். அரை மணி நடை. சாம்பல் படிந்த புல்லை மாடு தின்றால் வயிறு கெட்டுவிடும். கழுவத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு பிடியாக அறுத்து, உதறி, துணியால் துடைத்துக் கூடையில் போட வேண்டும். மூன்று மாட்டுக்கு அப்படித் துடைக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் பத்து நாளாக அதைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

தரை ஒருமுறை நன்றாக அதிர்ந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை போயிருந்தது. முர்தினி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவராகத்தான் ஆரம்பித்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி இறக்கினார்களே, அப்போது எல்லார் பேச்சையும் கேட்டு அவர் முகாமுக்குப் போனவர். ஒரு மாட்டைத் தொழுவத்தில் கட்டிவிட்டுத்தான் போனார். தினமும் வந்து தீனி போடலாம் என்றார்கள். பிறகு மூன்று நாள் யாரையும் மேலே விடவில்லை.

"நாலாம் நாள் வந்து பாக்கறேன். கயித்துல சுத்திக்கிட்டுச் செத்துக் கெடக்கு. மூக்குக்கும் தண்ணித் தொட்டிக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு. ஒரே ஒரு சாண்," என்றார். "வீட்டுக்கு வந்து சொன்னா, மாடுதானேப்பா போச்சுன்னான் வலுயோ."

இந்தத் தடவை அப்படி ஆகாது என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் அதைத்தானே சொன்னோம்.

"அதுக்குப் பேரு என்ன, காங்?" என்று கேட்டாள்.

சார்ஜிமான் அறுப்பதை நிறுத்தினார். "லெகி," என்றார். "லெகிச் சந்தை நாளன்னிக்குப் பொறந்தது. நெத்தியில வெள்ளை." அதன் பிறகு அந்த மாடு எப்படி நடக்கும், எந்தப் புல்லைத் தின்னாது, எதைக் கண்டால் மிரளும் என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் புல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

கூடை நிரம்பியதும், "எங்க குளத்தங்கரையில புல்லு இடுப்பு உயரம் நிக்குது, காங்," என்றாள். "எங்க வீட்டுக்காரரு இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டாரு. ஒரு கரை சரிஞ்சு கெடக்கு. பழைய நெல்லுக் கொட்டாய் காலியா இருக்கு. மூணு மாடு தாராளமா நிக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னை இழுக்கத்தானே இதெல்லாம் சொல்ற?"

"ஆமா, இழுக்கத்தான் வந்தேன். புல்லு நிக்கறதும் நெசம், கரை சரிஞ்சதும் நெசம், உங்களை இழுக்க வந்ததும் நெசம். வரலைன்னாலும் உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நாளைக்கும் வந்து புல்லு துடைச்சுக் குடுக்கறேன்."

சார்ஜிமான் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே, "மெனிக்குக்கு மாசம் நெறைஞ்சிடுச்சு," என்றார். மெனிக் அவருடைய பெரிய மாடு. "கயிறு போட்டு இழுத்து ஏத்தினா கன்னு வயித்துலயே போயிடும்."

"எப்படி ஏத்தணும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே ஏத்துவோம்," என்றாள் முர்தினி.

அவர் இன்னும் பத்தடி நடந்தார். "லே பர்னோ, மணல் ஏத்தற மேட்டுல லாரியைப் பின்பக்கமா ஒட்டி நிறுத்து. தட்டும் தரையும் ஒரே மட்டமா வரணும். உள்ள ஒரு சாண் மணல் போட்டு மேல வைக்கோல் போடு."

நான் ஓடினேன். வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.

சின்ன மாடுகள் இரண்டும் ஏறிவிட்டன. மெனிக் மேட்டின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. முன்னங்காலைப் பலகையில் வைக்கும், சத்தம் வித்தியாசமாக இருப்பதைக் கேட்டு எடுத்துவிடும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அரிசி ஆலைச் சத்தம் இப்போது பக்கத்துத் தெருவில் கேட்பதுபோலக் கேட்டது. மூங்கில் புதரிலிருந்து குரங்குக் கூட்டம் ஒன்று வெளியே வந்து, எங்களைக் கண்டு பயப்படாமல், பாதையிலேயே கீழே இறங்கிப் போயிற்று. என்னால் தாங்க முடியவில்லை. கயிற்று நுனியை மடித்துக் கையில் எடுத்தேன். சார்ஜிமான் பார்த்த பார்வையில் அதைக் கீழே போட்டுவிட்டேன்.

அவர் மாட்டின் பக்கத்தில் போய் நின்றார். வாலடியைச் சொரிந்துகொடுத்தார். வைக்கோல் மேல் ஒரு பிடி துடைத்த புல்லை வைத்துவிட்டு, அது ஏறினால் என்ன ஏறாவிட்டால் என்ன என்பதுபோல வேறு பக்கம் பார்த்து அதன் காதோரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கீழே கொட்டாய் இருக்கிறதாம், கரையில் புல் இருக்கிறதாம்.

லாரி முன்னால் மூட்டையோடு உட்கார்ந்திருந்த கெமி எட்டிப் பார்த்தாள். "காலையில முர்தினி உங்ககிட்டப் பேசின மாதிரியேதான் நீங்க மாட்டுக்கிட்டப் பேசறீங்க," என்றாள்.

"இதுக்காவது புத்தி இருக்கு. சீக்கிரம் கேக்கும்," என்றார் அவர்.

மெனிக் ஏறியது.

அந்த இறக்கத்தை நான் இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன். பின்னால் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சார்ஜிமான் நின்றார். வேகம் கூடினால் தகரத்தைத் தட்டுவார். மலைப்பாதையை மறித்துப் பாலத்தில் உட்கார்ந்திருந்த காவல்காரர்கள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். எத்தனை பேர் பிடித்து ஏற்றினீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். ஒருத்தி என்றேன்.

செந்தாங்ரெஜோவில் இறங்கியபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. புல், சரிந்த கரை, காலிக் கொட்டாய் எல்லாம் அந்த மனிதரை மடக்க அவள் கட்டிய கதை என்று வழியெல்லாம் நினைத்து மெச்சிக்கொண்டு வந்தேன். அங்கே புல் உண்மையாகவே இடுப்பு உயரத்துக்கு நின்றது. ஒரு கரை சரிந்து கிடந்தது. சார்ஜிமான் மாடுகளைக் கட்டிவிட்டு, தேநீரைக்கூடக் குடிக்காமல் புல்லில் இறங்கிவிட்டார். பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைத்தமாதிரி அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து அறுத்தார்.

சேதி கேட்டுச் சாயங்காலம் வலுயோ வந்தான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. யாரோ ஒரு சின்னம்மா சொன்னால் வருவார், பெற்ற மகன் சொன்னால் வரமாட்டார் என்று என்னிடம் முணுமுணுத்தான். அப்பாவிடம் கேட்டே தீருவேன் என்று நடந்தவனை முர்தினி நிறுத்தி, சாப்பாட்டுக்கு நாலு மீன் பிடித்துத் தரச் சொன்னாள்.

மலைக்காரனுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா? கையில் வலைக்கூடையோடு குளத்தில் இறங்கி மீனைத் துரத்தினான். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடினான். குளம் பால் விட்ட காபி நிறமாயிற்று. ஒரு மீன் சிக்கவில்லை. முர்தினி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அன்றைக்கு அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"மேல ஏறு வலுயோ, ஏறு. உனக்கு மீன் கெடைக்காதது இருக்கட்டும். இதுல இன்னும் முந்நூறு கெடக்கு. சேறு செவுள்ல அடைச்சா விடியறதுக்குள்ள மூச்சுமுட்டி மெதக்கும். பொழைக்கறதுலயும் ஒரு வாரத்துக்குச் சேத்து வாடைதான் அடிக்கும்."

அவனைக் கரையில் ஏற்றிவிட்டு, பக்கத்துக் குளத்தின் மூலையில் சதுர வலையைத் தாழ இறக்கி, அதன்மேல் ஒரு கை தவிடு தூவிவிட்டு அசையாமல் நின்றாள். நாங்களும் நின்றோம். கெண்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. மெல்லத் தூக்கினாள். ஆறு மீன். தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் எல்லாம் முன்போலவே தெரிந்தது.

"இதைத்தான் பழமொழியா சொல்றாங்களா?" என்று நான் கேட்டேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்பதையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அது பிடிச்ச மீனுக்காகச் சொன்னது இல்ல, பர்னோ. அது எப்படியும் சட்டிக்குப் போகுது. குளத்துல மிச்சம் கெடக்கறதுக்காகச் சொன்னது. நாளைக்கும் அதே தண்ணியிலதானே எல்லாம் இருக்கணும்."

வலுயோ முழங்கால் வரை சேற்றோடு நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் காலைக் கழுவிக்கொண்டு, கரையோரம் அறுத்துப் போட்டிருந்த புல்லைக் கட்டாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போனான். அவர்கள் பேசியது வெளியில் நின்ற என் காதில் விழுந்தது. "இதுவா மெனிக்?" என்று கேட்டான். "இல்ல, அந்தப் பக்கம் நிக்குதே, அது," என்றார் அப்பா. அவ்வளவுதான் பேசினார்கள்.

மறுநாள் மத்தியானம் மெனிக் கன்று போட்டது. கிடேரி. வலுயோ பட்டறைக்குப் போகாமல் இருந்து, வைக்கோலால் அதைத் துடைத்துவிட்டான். நெற்றியில் வெள்ளை இருக்கிறதா என்று அவன் குனிந்து தேடியதை நான் பார்த்தேன். இல்லை. முழுச் செவலை.

அதற்கடுத்த இரவுதான் மலை முழுதாக வெடித்தது. காலையில் குளத்து மேலெல்லாம் சாம்பல் ஆடைபோலப் படர்ந்திருந்தது. எல்லாரும் கூடி அதை வழித்து எடுத்தோம். மீன் சாகவில்லை. நாலைந்து நாள் கழித்து எங்களை மேலே விட்டார்கள். என் வீட்டுச் சுவர்கள் நின்றன. என் வீட்டுக்கு மேலே எதுவும் நிற்கவில்லை. சார்ஜிமான் தொழுவம் இருந்த இடத்தில் மார்பளவு சாம்பல், இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் ஒரு விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

திரும்பி வந்து குளத்தங்கரையில் வைத்து அதைச் சொன்னேன். சார்ஜிமான் சரிந்த கரையைக் கட்டி முடித்துவிட்டுப் புல்லறுத்துக்கொண்டிருந்தார். கெமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வலுயோ அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முர்தினி மீனுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். மாட்டுத்தலையா, மரமண்டை, கல்நெஞ்சுக்காரா என்று ஆரம்பித்து, என் அக்காளை உயிரோடு சுடப் பார்த்தீரே, பத்து நாள் நான் சோறு தின்றேனா என்று உமக்குத் தெரியுமா, நீர் மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் உள்ளுக்குள் எப்படிக் கலங்கிக் கிடந்தேன் தெரியுமா, புல்லைத் துடைத்த ஒவ்வொரு பிடிக்கும் ஒரு தடவை உம்மைச் சபித்தேன் என்று அழுதுகொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே திட்டினாள். அவ்வளவு வசவு அவளுக்குத் தெரியும் என்று அக்காளே நினைத்ததில்லை. பக்கத்து வீட்டு வாத்துக்காரி வேலியோரம் வந்து நின்று கேட்டாள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சார்ஜிமான் மெதுவாகக் கேட்டார்.

"இதையெல்லாம் மேலயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "வந்திருக்க மாட்டேன்," என்றார்.

"அப்ப இப்பக் கேளுங்க," என்று முர்தினி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வலுயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கெமிக்கும் வந்தது. சார்ஜிமான் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசி வரைக்கும் கேட்டார்.